நிறையாத தொட்டி நல்ல தொட்டியா?

2025 ஜூன் மாதம் கூமாப்பட்டி தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த ஊராகிவிட்டது. ஊர்க்காரர் ஒருவர் தண்ணீருக்குள் நின்றுகொண்டு எல்லோரையும் தன் ஊருக்கு வரச்சொல்லிப் போட்ட வீடியோ லட்சக்கணக்கான கைப்பேசிகளில் ஓடியது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம், தென்னந்தோப்பு, நெல்வயல், பக்கத்தில் பிளவக்கல் அணை என்று ஊரின் அழகு உண்மையானதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் கிருஷ்ணன்கோவிலில் திரும்பி, வத்திராயிருப்புப் பக்கம் கார்களும் வேன்களும் வரத்தொடங்கின.

இந்தப் பகுதிக்குக் கூட்டம் புதிதல்ல. சதுரகிரி சுந்தரமகாலிங்கம் கோயிலுக்கு அமாவாசை, பௌர்ணமிதோறும் தாணிப்பாறை வழியாக மலையேறுகிறார்கள். ஆடி அமாவாசைக்கு வரும் ஜனத்தைச் சொல்லவே வேண்டாம். ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர். சாப்பாடு, தண்ணீர், பார்க்கிங், பேருந்து எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறோம். இத்தனை பேர் ஒரு நாளில் கழிக்கும் கழிவு எந்தத் தொட்டியில் விழுகிறது, அந்தத் தொட்டியை யார் எங்கே காலி செய்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் பேச்சில் வருவதில்லை. முகம் சுளித்துக்கொண்டு கடந்துபோகிற விஷயம் என்பதால் அதில் தெரிந்துகொள்ளவும் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுகிறோம். தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. சக்கரத்தின்மேல் ஓடும் தொட்டியிலிருந்து தொடங்கலாம்.

சினிமா ஷூட்டிங் புண்ணியத்தில் ‘கேரவன்’ என்ற சொல் நமக்குப் பழக்கம். நடிகர்கள் ஓய்வெடுக்க நிற்கும் அந்த வண்டிதான் வெளிநாடுகளில் குடும்பத்தோடு ஊர் சுற்றும் நடமாடும் வீடு. பக்கத்தில் கேரளம் 2021-இல் ‘கேரவன் கேரளா’ என்று இதற்காகவே ஒரு சுற்றுலாத் திட்டத்தை அறிவித்து, அடுத்த ஆண்டே வாகமனில் கேரவன் பூங்கா ஒன்றையும் திறந்தது. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் வண்டியின் அடிவயிற்றில் இரண்டு தொட்டிகள் இருக்கும். கைகழுவிய, குளித்த, பாத்திரம் தேய்த்த தண்ணீருக்கு ஒன்று. மலத்துக்கும் சிறுநீருக்கும் இன்னொன்று.

இரண்டாவது தொட்டி பெரும்பாலும் கழிப்பறை இருக்கைக்கு நேர்கீழே இருக்கும். பெடலை மிதித்தால் அடைப்பு விலகி, உள்ளதெல்லாம் கீழே விழும். பெரிய அமெரிக்க வண்டிகளில் இது 75 முதல் 150 லிட்டர் வரை பிடிக்கும். சின்ன வண்டிகளில் சூட்கேஸ் போல உருவியெடுத்துக் கொண்டுபோய்க் கொட்டக்கூடிய, 20 லிட்டர் அளவிலான பெட்டி. பெரிய தொட்டியின் அடியிலிருந்து மூன்று அங்குலக் குழாய் வெளியே வரும். அதில் இழுத்துத் திறக்கும் வால்வு ஒன்று. அங்கே தடிமனான ஹோஸை மாட்டி, மறுமுனையைச் சாக்கடைத் திறப்பில் செருகி, வால்வை இழுத்தால் தொட்டி காலி. இவ்வளவுதான் அமைப்பு. பம்ப் கிடையாது, மோட்டார் கிடையாது. தண்ணீரும் புவியீர்ப்பும்தான் வேலை செய்கின்றன.

புதிதாக வண்டி வாங்கியவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது. சாக்கடை இணைப்பு உள்ள இடத்தில் நாலு நாள் வண்டியை நிறுத்துகிறார்கள். தொட்டி எதற்கு நிறைய வேண்டும், அப்படியே ஓடிப்போகட்டுமே என்று வால்வைத் திறந்தே விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் உடனுக்குடன் வடிந்துவிடுகிறது. திடமானது போவதில்லை. இருக்கைக்கு நேர்கீழே குவிந்து, வெயிலில் காய்ந்து, கட்டிதட்டிக் கோபுரமாக எழும்புகிறது. கடைசியில் இருக்கை வரைக்கும் முட்டிக்கொண்டு நிற்கும். சுரண்டி எடுக்கவும் முடியாது, ஒரே தடவையில் கரைக்கவும் முடியாது.

எனவே வால்வு மூடியே இருக்க வேண்டும். தொட்டி முக்கால் பங்காவது நிறையக் காத்திருந்து, ஒரே மூச்சில் திறக்க வேண்டும். அந்த வேகத்தில்தான் அடியில் கிடக்கும் மண்டியையும் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும். மலத்தொட்டியை முதலில் திறந்து, அது அடங்கிய பிறகு குளித்த தண்ணீர்த் தொட்டியைத் திறப்பது வழக்கம். சோப்புத் தண்ணீர் ஓடிவந்து ஹோஸைக் கழுவிவிடும். ஹோஸின் தொடக்கத்தில் கண்ணாடிபோலத் தெரியும் ஒரு முழங்கைத் துண்டை மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. முதலில் கரும்பழுப்பு, பிறகு கலங்கல், கடைசியில் தெளிவு என்று நிறம் மாறுவது அதில் தெரியும். தெளிவாக வரும்வரை தொட்டிக்குள் தண்ணீர் விட்டு அலசி, மறுபடி திறந்துவிட வேண்டும். சில வண்டிகளில் தொட்டியின் உட்சுவரிலேயே தண்ணீர் பீய்ச்சும் குழாய் பொருத்தியிருப்பார்கள். இல்லாதவர்கள் இருக்கை வழியாகவே வாளி வாளியாக ஊற்றுவார்கள். பாதித் தொட்டித் தண்ணீரோடு நாலு கிலோமீட்டர் வண்டியை ஓட்டி, குலுக்கலில் மண்டி கிளம்பிய பிறகு திறப்பதும் நல்ல வழி.

அலசி முடித்ததும் வால்வை மூடிவிட்டு அப்படியே போய்விடக்கூடாது. அடியை மூடும் அளவுக்கு ஒன்றிரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும். காய்ந்த தரையில் விழுவது ஒட்டும், தண்ணீரில் விழுவது மிதந்து கரையும். தொட்டி பராமரிப்பில் பாதி ரகசியம் இந்த வாளித் தண்ணீர்தான்.

தண்ணீரால் கழுவும் பழக்கமில்லாத, காகிதத்தால் துடைக்கும் நாடுகளுக்குக் கூடுதல் தொல்லை: காகிதம் கரைய வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவும் நமக்கு அந்தக் கவலை குறைவு. ஆனால் ஈரத் துடைப்பான், சானிட்டரி நாப்கின், குழந்தைகளின் டயப்பர் மூன்றும் இப்போது நம் வீடுகளிலும் வந்துவிட்டன. மூன்றும் எந்தத் தொட்டியிலும் கரையாது. வாடையைப் பொறுத்தவரை பலர் ஃபினாயிலையும் ஆசிட்டையும் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். தொட்டிக்குள் கழிவைத் தின்று கரைக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களை அது கொன்றுபோடும். நாற்றம் போன மாதிரி தெரிந்து, மண்டி மட்டும் சேர்ந்துகொண்டே போகும். வாடை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கூரைக்கு மேலே போகும் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறதா என்பதையும், இருக்கையின் ரப்பர் வாஷர் காய்ந்திருக்கிறதா என்பதையும்.

கேரவனை நேரில் பார்க்காதவர்களும் நடமாடும் தொட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து பயணம் செய்திருப்பார்கள். சென்னை எழும்பூரிலிருந்து செங்கோட்டை போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் தாண்டுகிறது. அதன் ஒவ்வொரு கழிப்பறைக்கும் கீழே துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி தொங்குகிறது.

முன்பெல்லாம் அங்கே வெறும் ஓட்டைதான். குனிந்தால் ஓடும் தண்டவாளக் கட்டைகள் தெரியும். வண்டி நிலையத்தில் நிற்கும்போது கழிப்பறையைப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதிப்போட்டிருப்பார்கள். அந்த அறிவிப்பு நிலையத்தைக் காப்பாற்றியது. இரண்டு நிலையங்களுக்கு நடுவில் வயலும் வாய்க்காலும் குடியிருப்பும் இருந்ததைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. தண்டவாளத்தில் விழுந்ததை அள்ளியவர்கள் மனிதர்கள். தண்டவாளத்தின் இரும்பே அந்த ஈரத்தில் அரித்துக்கொண்டு போனது.

பனிமலையில் இருக்கும் ராணுவ வீரர்களின் கழிவைக் கையாள, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் குவாலியர் ஆய்வகம் ஒரு பாக்டீரியாக் கலவையை உருவாக்கியிருந்தது. காற்றில்லாத இடத்தில் மலத்தைத் தின்று தண்ணீராகவும் வாயுவாகவும் மாற்றும் கூட்டம் அது. ரயில்வே அதைப் பெட்டிகளுக்கு அடியில் கொண்டுவந்தது. 2011 ஜனவரியில் குவாலியர்–வாரணாசி பண்டேல்கண்ட் எக்ஸ்பிரஸில் தொடங்கிய இந்த பயோ டாய்லெட், 2016 ஜூலை 24 அன்று தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமையைத் தந்தது. மானாமதுரை–ராமேஸ்வரம் இடையிலான 114 கிலோமீட்டர், தண்டவாளத்தில் மலம் விழாத நாட்டின் முதல் ரயில் தடமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஓடிய வண்டிகளின் பெட்டிகள் எல்லாவற்றிலும் தொட்டி பொருத்தியிருந்தார்கள். பிறகு சில ஆண்டுகளில் நாடு முழுக்க இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொட்டிகள் பெட்டிகளுக்கு அடியில் ஏறிவிட்டன.

தொட்டியை மாட்டியதோடு கதை முடியவில்லை. 2017-இல் வெளியான தணிக்கைத்துறை அறிக்கை, சுமார் 25 ஆயிரம் பயோ டாய்லெட்டுகளில் ஒரே ஆண்டில் ஏறக்குறைய 2 லட்சம் குறைபாடுகள் பதிவானதைச் சொன்னது. அதில் பாதிக்கும் மேல் அடைப்பு. தண்ணீர் பாட்டில், குட்கா பாக்கெட், நாப்கின், துணி, டயப்பர், டீ கப் என்று பெட்டியின் குப்பை முழுக்க உள்ளே போயிருந்தது. வெறும் ஓட்டையாக இருந்த காலத்தில் எதைப் போட்டாலும் கீழே விழுந்துவிடும். அந்தப் பழக்கத்தோடுதான் பயணிகள் தொட்டிமேலும் உட்கார்ந்தார்கள். கழிப்பறைக்குள் குப்பைக்கூடை இல்லாத பெட்டிகளும், மக் இல்லாத பெட்டிகளும் ஆயிரக்கணக்கில் இருந்ததை அதே அறிக்கை சொன்னது. கூடை வைக்காமல் கூடையில் போடச்சொல்ல முடியாது. பயணியை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை.

அதே ஆண்டில் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் இன்னொரு அடிப்படையான கேள்வியை எழுப்பினார்கள். இந்தத் தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீர், சாதாரண செப்டிக் டேங்க் தண்ணீரைவிட மேலானதாக இல்லை என்பது அவர்கள் கண்டது. டிஆர்டிஓ தரப்பு அதை ஏற்கவில்லை. இரு தரப்பும் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஒன்று மட்டும் விளங்கும்: பாக்டீரியாவை ஒரு தடவை ஊற்றிவிட்டு மறந்துபோகிற தொட்டி எதுவும் வேலை செய்யாது. சோதிக்க வேண்டும், மறுபடி விதைக்க வேண்டும், அடைப்பை எடுக்க வேண்டும். சென்னை பெரம்பூர் ஐசிஎஃப் தயாரிக்கும் வந்தே பாரத் போன்ற வண்டிகளில் இப்போது விமானத்தில் இருப்பதுபோல உறிஞ்சியெடுக்கும் கழிப்பறை வந்திருக்கிறது. பழைய பயோ டாய்லெட்டில் ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் தண்ணீர் போகும் என்றால், இதற்கு அரை லிட்டரே போதும். தண்ணீர் குறைந்தால் தொட்டி மெதுவாக நிறையும். ஆனால் நாப்கின் போட்டால் இதன் மெல்லிய குழாய் இன்னும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

இனி தரைக்கு வரலாம்.

கூமாப்பட்டி, வத்திராயிருப்பு, ராஜபாளையம் சுற்றுவட்டாரத்தில் பெருமையாகச் சொல்லப்படும் ஒரு வாக்கியம் உண்டு. தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் கேட்கலாம்: “எங்க வீட்டு செப்டிக் டேங்க் இருபது வருஷமா நிறையவே இல்ல.” கொத்தனாரின் கைராசி என்று பாராட்டும் சேர்ந்துவரும். உண்மையில் அது பாராட்டும்படியான விஷயமில்லை. நான்கு பேர் இருபது ஆண்டு பயன்படுத்திய தொட்டி நிறையவில்லை என்றால், உள்ளே போனது எங்கேயோ வெளியே போயிருக்கிறது. அடியில் தளம் போடாமல் விட்டிருப்பார்கள், அல்லது சிமென்ட் உறையை இறக்கி, மண்ணே குடித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பார்கள். வால்வைத் திறந்தே வைத்த கேரவனும், ஓட்டை வைத்த பழைய ரயில் பெட்டியும் செய்ததைத்தான் அந்தத் தொட்டியும் செய்கிறது. நிறையாத தொட்டி, தன் வேலையை நிலத்தடி நீரிடம் தள்ளிவிட்ட தொட்டி.

அடிவாரத்து ஊர்களில் இது சாதாரணக் குற்றமில்லை. மலையில் பெய்வது பிளவக்கல்லின் பெரியாறு, கோவிலாறு அணைகளில் தேங்கி, கண்மாய் கண்மாயாக இறங்கி, வயலுக்கும் கிணற்றுக்கும் போகும் நிலம் இது. அர்ச்சுனா நதி வழியே போனால் வைப்பாறு. மேலே 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். கீழே மண்ணுக்குள் இறங்குவது, பக்கத்து வீட்டு போர்வெல்லில் மறுபடி ஏறிவர வெகுதூரம் போக வேண்டியதில்லை.

சரியான செப்டிக் டேங்க் எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதிமுறை இருக்கிறது. தண்ணீர் கசியாத தளமும் சுவரும். அகலத்தைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு நீளம், ஒரு மீட்டருக்குக் குறையாத நீராழம். நீளம் எதற்கென்றால், உள்ளே வரும் தண்ணீர் அவசரமில்லாமல் நகர வேண்டும். நகரும்போது கனமானது கீழே மண்டியாகப் படியும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாக மிதக்கும். நடுவில் நிற்கும் ஓரளவு தெளிந்த தண்ணீர் மட்டும் மறுமுனைக் குழாய் வழியே உறிஞ்சுகுழிக்குப் போகும். மண்டியும் ஏடும் தடித்துக்கொண்டே வந்தால் நடுவில் இடம் சுருங்கும். கழிவு படிய நேரமில்லாமல் அப்படியே வெளியேறும். அதனால்தான் இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மண்டி அள்ள வேண்டும் என்கிறார்கள்.

அள்ளும் நேரம் வந்துவிட்டதா என்று பார்க்கக் கருவி ஒன்றும் வேண்டாம். நீளமான கம்பின் அடிப்பாகத்தில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, மூடித் துளை வழியாக அடிவரை இறக்கி, சில நிமிடம் வைத்து மெதுவாக எடுக்க வேண்டும். மண்டி படிந்த உயரம் வரை துண்டில் கருப்பாகப் பிடித்திருக்கும், அதற்கு மேல் வெறும் ஈரம்தான். கருப்பு, நீராழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டிருந்தால் லாரியைக் கூப்பிட வேண்டியதுதான். வெளியில் நின்றே செய்ய வேண்டிய வேலை இது. எட்டிப்பார்க்கக்கூடாது, பீடி சிகரெட் பற்றவைக்கக்கூடாது. உள்ளே மீத்தேன் இருக்கும், அது தீப்பிடிக்கும்.

மீத்தேனைவிடக் கொடியது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. கொஞ்சமாக இருக்கும்போது நாறும். அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று தோன்றும் நேரம்தான் ஆள் சாகும் நேரம். ஒருவர் மயங்கி விழ, தூக்கப்போன இரண்டாமவர் விழ, அவரைத் தேடி மூன்றாமவர் இறங்க, ஒரே குழியில் மூன்று பிணம் எடுத்த செய்தியை நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம்! 1993 முதல் அரசுக் கணக்கில் பதிவான சாக்கடை, செப்டிக் டேங்க் சாவுகளில் நாட்டிலேயே முதலிடத்தில் நிற்பது தமிழ்நாடு. மனிதரை இறக்கும் வேலையை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறியிருக்கிறது, சாவு நிற்கவில்லை. சட்டத்தின் முன் கூப்பிட்ட வீட்டுக்காரரும் குற்றவாளிதான் என்பது பல வீட்டுக்காரர்களுக்கு இன்னும் தெரியாது. அந்தக் குழிக்குள் இறக்கப்பட்டவர்கள் தலைமுறை தலைமுறையாக எந்தச் சாதியினர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கழிவுநீர் லாரி வந்தது இந்த வகையில் பெரிய விடுதலை. ஹோஸை இறக்கி, வெற்றிடப் பம்பைப் போட்டால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பிரச்சினை லாரி கிளம்பிய பிறகு. நிறைந்த லாரி எங்கே போகிறது? சுத்திகரிப்பு நிலையம் தூரத்தில் இருந்தால் டீசல் செலவு. ஊருக்கு வெளியே ஓடை இருக்கிறது, கண்மாய் இருக்கிறது, இருட்டு இருக்கிறது. நல்ல தொட்டி கட்டி, விதிப்படி அள்ளிய வீட்டின் கழிவும் கடைசியில் கண்மாய்க்கே போனால் பட்ட பாடு எதற்கு?

இதற்கான விதிமுறைகளைத் தமிழ்நாடு 2014-லேயே வெளியிட்டது. 2017-இல் செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழி பேரூராட்சியில் மாநிலத்தின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. சின்னச் சின்ன ஊர்கள் ஒவ்வொன்றும் பாதாளச் சாக்கடைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, லாரிகள் வந்து கொட்ட ஒரு பொது இடம் போதும் என்று காட்டியது அந்த ஊர். கோவைப் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்திலும் இப்படி ஒரு நிலையம் வந்தது. பின்னர் கழிவுநீர் லாரிகளுக்கு உரிமம் கட்டாயமானது. கண்ட இடத்தில் கொட்டிப் பிடிபட்டால் முதல் தடவை 25 ஆயிரம், அடுத்த தடவை 50 ஆயிரம் அபராதம். தொட்டியை இயந்திரத்தால் அள்ளக் கூப்பிட 14420 என்ற எண் இருக்கிறது. கூப்பிடும்போது விலையை மட்டும் பேசாமல், உரிமம் இருக்கிறதா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று வீட்டுக்காரர் கேட்டால், இருட்டில் ஓடைப்பக்கம் திரும்பும் லாரிகள் கொஞ்சமாவது குறையும்.

திருவிழாவுக்கும் மலையேற்றத்துக்கும் கொண்டுவந்து நிறுத்தும் நடமாடும் கழிப்பறைகள் கேரவனின் ஏழைத் தம்பிகள். அவற்றின் தொட்டி சின்னது, கூட்டம் பெரியது. காலையில் சுத்தமாக நிறுத்திய வண்டி மத்தியானத்துக்குள் நிறைந்துவிடும். நிறைந்ததைப் பார்த்த ஜனம் காட்டுப்பக்கம் ஒதுங்கும். பெண்கள் ஒதுங்கவும் முடியாமல், தண்ணீர் குடிக்காமலே மலை ஏறி இறங்குவார்கள். எத்தனை கழிப்பறை வைத்தோம் என்ற கணக்கைவிட, ஒரு நாளைக்கு எத்தனை தடவை உறிஞ்சியெடுக்க லாரி வந்தது, தண்ணீர் ஊற்றி அலசினார்களா, பக்கத்தில் வாளியும் குப்பைக்கூடையும் இருந்தனவா என்ற கணக்குதான் உதவும். ஏற்பாடு செய்யும் அலுவலகங்கள் இந்தக் கணக்கையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

கூமாப்பட்டிக்குச் சொந்த வேனில், வாடகை கேரவனில் வருபவர்களுக்கு உடனடியாகச் சொல்ல வேண்டியது, தொட்டியை ஊரிலிருந்து கிளம்பும்போதே காலியாக அலசிக் கொண்டுவாருங்கள் என்பதுதான். பெரிய தொட்டி என்றால் இரண்டு மூன்று நாளுக்கு நான்கு பேருக்கு அது தாங்கும். நிறைந்துவிட்டால் தங்கும் விடுதியின் செப்டிக் டேங்கில் இறக்கலாமா என்று கேட்டு, அனுமதியோடு, கையுறை போட்டு, ஹோஸை இறுக்கி மாட்டி இறக்குங்கள். அப்படி இறக்க வேண்டுமென்றால் தொட்டியில் ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்து எதையும் ஊற்றியிருக்கக்கூடாது; ஒரு வண்டியின் மருந்து ஒரு வீட்டுத் தொட்டியின் பாக்டீரியாவை அழித்துவிடும். அணைக்கரையோ தென்னந்தோப்பின் வாய்க்காலோ இறக்கும் இடமில்லை. சுற்றுலா வளர வேண்டும் என்று நினைக்கும் பேரூராட்சிகள் பார்க்கிங் போடும்போதே ஓரத்தில் ஒரு கான்கிரீட் மேடை, மூடியுள்ள நாலங்குலத் திறப்பு, அலசத் தண்ணீர்க் குழாய், அடியில் கசியாத தொட்டி, அதை மாதம் தவறாமல் அள்ளிப்போக உரிமம் பெற்ற ஒரு லாரி என்று சேர்த்தே திட்டமிடலாம். இரண்டு கார் நிற்கும் இடம் இருந்தால் போதும்.